புரோக்கர் சொல்லும் கணக்கு, சட்டம் சொல்லும் கணக்கு

செஞ்சிப் பக்கம் வல்லம் ஒன்றியத்தில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைக்கு அறிவுரை சொல்ல ஊரே தயாராக இருக்கிறது. டீக்கடையில், பேருந்து நிறுத்தத்தில், செஞ்சி விற்பனைக் கூடத்தில் மணிலா மூட்டையோடு காத்திருக்கும்போது என்று எங்கும் இதே பேச்சு. அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அதில் பாதி பழைய நிலவரம், மீதி யாரோ கமிஷனுக்காகக் கிளப்பிவிட்டது. இதை நம்பி, சட்டம் கையில் கொடுத்த உரிமையைப் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்களே என்பதுதான் என் கவலை.

முதல் நம்பிக்கை: "இன்ஜினியரிங் எல்லாம் லட்சக்கணக்குல ஆகும், நமக்குக் கட்டுப்படியாகாது."

உண்மை வேறு. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கி 2020இல் சட்டம் வந்தது. 2021இல் இன்னொரு சட்டம் அதைப் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டப் படிப்புகளுக்கும் கொண்டுவந்தது. இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேருபவரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே கட்டுகிறது. எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் காசு கட்டிப் படிக்கவைத்து, ஒன்பதாவதில் அரசுப் பள்ளிக்கு மாற்றினால் இந்த உரிமை கிடையாது. கல்வி உரிமைச் சட்ட இடத்தில் தனியாரில் எட்டாவது வரை படித்து, பிறகு அரசுப் பள்ளிக்கு வந்தவருக்கு மட்டும் உண்டு. ஆகவே ஐந்தாவது முடிக்கும் பிள்ளையின் பெற்றோரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அதில் வராதவர்களுக்கு முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகை இருக்கிறது. அப்பா, அம்மா, இருபக்கத் தாத்தா பாட்டி, கூடப்பிறந்தவர்கள் என யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. "அக்கா டிப்ளமா முடிச்சிருக்கு, அதனால நமக்கு வராது" என்று விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறவர்கள் உண்டு. டிப்ளமா பட்டம் ஆகாது. ஆனால் அண்ணன் ஏற்கெனவே இந்தச் சலுகையில் படித்துக்கொண்டிருந்தாலும் தம்பிக்கு வராது.

இங்கேதான் புரோக்கர் நுழைகிறார். முடிவு வெளிவந்த கையோடு வீட்டு வாசலில் பைக்கை நிறுத்துகிறார். கையில் வழவழப்பான கல்லூரிப் புத்தகம். "கவுன்சிலிங் போனா எங்கயோ தூரமா போட்டுருவாங்கண்ணே. நான் சீட்டு கன்ஃபார்ம் பண்ணித் தரேன், ஒரிஜினல் மட்டும் குடுங்க" என்கிறார். கலந்தாய்வில் கல்லூரியை வரிசைப்படுத்தித் தேர்ந்தெடுப்பது மாணவர்தான். நாம் கேட்காத கல்லூரியில் யாரும் நம்மைப் போட முடியாது. புரோக்கர் தருவது பெரும்பாலும் நிர்வாக ஒதுக்கீட்டு இடம். அதில் சேர்ந்த அன்றே 7.5 விழுக்காட்டுச் சலுகையும் முதல் பட்டதாரி சலுகையும் போய்விடும். இலவசமாகக் கிடைக்க வேண்டிய படிப்புக்கு நிலத்தை அடகு வைக்கிற கொடுமை இப்படித்தான் நடக்கிறது.

அடுத்தது: "தமிழ் மீடியம் படிச்சவனுக்கு ஏது வேலை?"

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு இடத்தை 2010ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்குகிறது. 2020இல் அதைத் திருத்தி, கடைசிப் படிப்பை மட்டும் தமிழ் வழியில் படித்தவர்கள் புகுந்துகொள்ள முடியாதபடி இறுக்கினார்கள். வேலைக்குக் கேட்கும் தகுதி பத்தாம் வகுப்பு என்றால் பத்தாவது வரையும், பட்டம் என்றால் பட்டம் வரையும் முழுக்கத் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். எனவே பன்னிரண்டு வருடம் தமிழில் படித்த பிள்ளை, கௌரவம் கருதி பி.ஏ.வை ஆங்கில வழியில் எடுத்தால், குரூப் 4இல் இந்த ஒதுக்கீடு தொடரும். பட்டம் கேட்கும் குரூப் 2இல் போய்விடும். ஆங்கில வழி எடுப்பது தவறில்லை. எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து எடுக்க வேண்டும். ஆங்கிலம் பேசவும் எழுதவும் கற்றுக்கொள்வது தனி வேலை; தமிழ் வழி மாணவர்கள் அதைக் கட்டாயம் செய்ய வேண்டும். தனியார் வேலைக்கு அது இல்லாமல் முடியாது.

"மார்க் எடுக்காதவன்தான் பாலிடெக்னிக் போவான்" என்பதும் ஒரு நம்பிக்கை. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது அதன் திட்ட இயக்குநராக இருந்தவர் ப. வீரமுத்துவேல். நம் விழுப்புரத்துக்காரர், ரயில்வே தொழிலாளியின் மகன். விழுப்புரத்தில் ரயில்வே பள்ளியில் படித்து, அங்கேயே டிப்ளமா முடித்துத்தான் சென்னையில் பி.இ. சேர்ந்தார். பிறகு திருச்சி, அதன் பிறகு சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம். டிப்ளமா முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் வழி இன்றும் இருக்கிறது. அதற்கென்று தனிக் கலந்தாய்வே நடக்கிறது.

"வரலாறு படிச்சா சோறு போடுமா?" கோட்டைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டே இதைக் கேட்கிறோம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்க, வெளியே இருக்கும் ஒரே கோட்டை செஞ்சி. இதனால் நாளைக்கே நூறு வேலை முளைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். தொல்லியல் வேலைகள் குறைவு, போட்டி அதிகம். ஆனால் கல்வெட்டு படிக்கவும், வெளிநாட்டவருக்குக் கோட்டையை விளக்கவும் தெரிந்தவர் உள்ளூரிலிருந்து வந்தால் நல்லது. டிஎன்பிஎஸ்சி, யுபிஎஸ்சி இரண்டிலும் வரலாறு முக்கியப் பகுதி என்பதையும் மறக்க வேண்டாம்.

"பொண்ணு மேல படிச்சா செலவு, கம்பெனிக்குப் போனா வருமானம்" என்பார்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண் கல்லூரி, பாலிடெக்னிக், ஐடிஐ எதில் சேர்ந்தாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ₹1,000 அவள் கணக்கில் ஏறும். 2024 ஆகஸ்டிலிருந்து பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் உண்டு. அஞ்சல் வழிப் படிப்புக்கு இவை கிடையாது.

கல்விக் கடனுக்குப் பத்திரம் கேட்பார்கள் என்ற பயமும் வேண்டாம். ₹4 லட்சம் வரை பிணை கிடையாது. பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டால் போதும். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்டத் தேவையில்லை.

தேர்வு முடிந்த வாரமே இ-சேவை மையத்துக்குப் போங்கள். சாதி, வருமானம், முதல் பட்டதாரி சான்றிதழ்களுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். மே மாதக் கூட்டத்தில் நிற்க வேண்டியிருக்காது. தமிழ் வழிச் சான்றிதழைப் பள்ளித் தலைமையாசிரியரிடம் வாங்கி வையுங்கள். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள்.