பயிர் செய்பவனும் "அத்தியாவசிய" ஊழியனும்: வியாபாரிகள் படிக்க வேண்டிய ஒரு பாடம்

"அத்தியாவசியம்" என்ற சொல் கடைக்காரர்களாகிய நமக்குப் புதிதல்ல. அரிசி, பருப்பு, சீனி, எண்ணெய் ஆகியவற்றை நம் பாட்டன்மார் காலத்திலிருந்தே அத்தியாவசியச் சாமான்கள் என்று சொல்லி வருகிறோம். ஆனால் 2020-ஆம் வருஷத்தில் அந்தச் சொல் சாமானை விட்டிறங்கி மனிதன் தோளில் ஏறிக்கொண்டது. இன்ன தொழிலாளி வெளியே வரலாம், இன்னவன் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்று சர்க்கார் பிரித்துச் சொல்லிற்று. அந்தப் பிரிவினை எப்படி நடந்தது, அதில் நிலத்தில் வேலை செய்பவனுக்கு என்ன கிடைத்தது, அவனை அடுத்து நிற்கும் நமக்கு அதில் என்ன கடமை என்பதை இங்கே சற்று விரிவாகப் பார்ப்போம்.

நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை 2020 மார்ச் 16-ஆம் தேதி இரவு அன்றைய பிரதமர் டான் ஸ்ரீ முஹிடின் யாசின் அறிவித்தார். 18-ஆம் தேதி அது அமலுக்கு வந்தது. 1988-ஆம் வருஷத்துத் தொற்று நோய்த் தடுப்புச் சட்டத்தின் கீழ் பிறந்த ஆணை அது. மீறினால் 1,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை. பள்ளிவாசல்களில் ஜும்ஆவும் நின்றது. 22-ஆம் தேதி முதல் போலீசாருடன் ராணுவமும் சாலைகளில் நின்றது. பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையும், கிள்ளானில் தெங்கு கிளானா சாலையும் பட்டப்பகலில் வெறிச்சோடிக் கிடந்ததை நாம் கண்ணால் கண்டோம்.

அந்த ஆணையோடு அத்தியாவசிய சேவைகளின் பட்டியல் ஒன்றும் வந்தது. தண்ணீர், மின்சாரம், மருத்துவம், வங்கி, துறைமுகம் என்று போகும் அந்தப் பட்டியலில் உணவு வழங்கலும் இருந்தது. கேட்பதற்கு எளிது. ஆனால் உணவு வழங்கல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? கடையில் தராசு பிடிப்பவன் மட்டுமா? மூட்டை இறக்குபவனும் உண்டா? முட்டைக்கோசை அறுப்பவன், அதை அடுக்கும் பெட்டியைச் செய்பவன், உரம் கொண்டு வருபவன் இவர்கள் எல்லாம் எந்தக் கணக்கு? சட்டம் எழுதுபவருக்கு அது ஒரு சொல். சாலைத் தடுப்பில் லோரியை நிறுத்திக் கடிதம் கேட்கப்படும் டிரைவருக்கோ அது ஒரு நாள் பிழைப்பு.

இதன் பலனை முதலில் கண்டது கேமரன் மலை. காய்கறி என்பது தகர டப்பா அல்லவே, மூன்று நாள் காத்திரு என்றால் காத்திருக்க. சாயங்காலம் பறித்தது இரவில் மலையிறங்கி, விடியுமுன் மொத்தச் சந்தைக்கு வந்து, காலையில் நம் கடை வாசலில் இருக்க வேண்டும். அந்த மார்ச் மாதக் கடைசியில் இந்தச் சங்கிலி பல இடத்தில் அறுந்தது. மொத்தச் சந்தைகளின் நேரம் சுருங்கியது. லோரி ஓட்டம் குறைந்தது. இரவுச் சந்தைகள், ஓட்டல்கள், பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலைகள் மூடிக் கிடந்தன. ஆகவே மலையில் விவசாயிகள் தக்காளியையும் கீரையையும் டன் கணக்கில் கொட்டினார்கள். அதே வாரத்தில் கீழே பட்டணத்தில் வீட்டுப் பெண்கள் பச்சைக் காய்கறி இல்லையே என்று கடை கடையாய்க் கேட்டார்கள். மேலே குப்பை, கீழே பஞ்சம்! பயிர் செய்பவனுக்கு அனுமதி தந்து, பயிரைச் சுமப்பவனுக்கும் விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் வழி தராவிட்டால் அந்த அனுமதி பாதி அனுமதிதான் என்பது அன்று எல்லோருக்கும் விளங்கிற்று. பிறகு சந்தை நேரங்கள் திருத்தப்பட்டன, இணையத்தின் வழியாகவும் மலைக் காய்கறி விற்கப்பட்டது.

செம்பனையின் கதை வேறு. அறுத்த குலையை ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாளுக்குள் ஆலையில் சேர்க்காவிட்டால் எண்ணெயின் தரம் கெட்டுவிடும். ஆகையால் தோட்டங்கள் நிபந்தனைகளோடு வேலை செய்ய விடப்பட்டன. சபாவில் மட்டும் நோய் பரவிய தவாவ், லஹாட் டத்து, கினாபாத்தாங்கான் முதலிய மாவட்டங்களில் தோட்டங்களையும் ஆலைகளையும் மாநில அரசு சில காலம் மூடி வைத்தது. பெரிய அடி அதன் பிறகுதான் விழுந்தது. 2020 ஜூனில் வெளிநாட்டுத் தொழிலாளரை எடுப்பது நிறுத்தப்பட்டது. தோட்டத்தில் குலை அறுப்பவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியா, வங்காள தேசம் போன்ற இடங்களிலிருந்து வந்தவர்கள். போனவர் திரும்பவில்லை, புதியவர் வரவில்லை. எண்ணெய் விலை ஏறிக்கொண்டே போன காலத்தில் குலைகள் மரத்திலேயே பழுத்து உதிர்ந்தன. கடைசியில் 2021 செப்டம்பரில் தோட்டத் தொழிலுக்கு மட்டும் 32,000 பேரைக் கொண்டுவர அரசு இணங்க வேண்டியதாயிற்று. உள்ளூர் இளைஞர் ஏன் அந்த வேலைக்குப் போகவில்லை என்று சிலர் கேட்கிறார்கள். கேட்பவர் தம் மகனை அனுப்புவாரா என்று நாம் திருப்பிக் கேட்பதில்லை, மரியாதை கருதி.

இந்தியாவில் 2020 மார்ச் 25-ஆம் தேதி நாடு முழுதும் அடைக்கப்பட்டது. கோதுமை அறுவடைக் காலம் வாசலில் நின்றது. விவசாயிக்கும் வயலில் வேலை செய்யும் கூலியாளுக்கும் விலக்கு உண்டென்று இரண்டே நாளில், 27-ஆம் தேதி, மத்திய உள்துறை தெளிவாக்கியது. அப்படியும் சென்னை கோயம்பேட்டுச் சந்தையில் நோய் பரவி, மே 5-ஆம் தேதி அது மூடப்பட்டு, சந்தை திருமழிசைக்கு மாறியதை ஊரிலிருக்கும் நம் சொந்தக்காரர்கள் நன்றாக அறிவார்கள். ஜெர்மனியில் தண்ணீர்விட்டான் முளை பறிக்க ஆளில்லாமல், எல்லை மூடிய காலத்திலேயே ருமேனியாவிலிருந்து விமானத்தில் ஆள் கொண்டு வந்தார்கள். அமெரிக்காவிலோ விந்தை இன்னும் பெரிது. வயல் தொழிலாளி நாட்டுக்கு இன்றியமையாதவன் என்று 2020 மார்ச்சில் அரசாங்கமே பட்டியலிட்டது. அங்கே வயலில் நிற்பவர்களில் பெரும் பகுதியினருக்குக் குடியிருப்புப் பத்திரமே கிடையாது. ஒரு பையில் "இவர் அத்தியாவசியமானவர்" என்ற முதலாளியின் கடிதம், மனத்திலே நாடு கடத்தப்படும் பயம். இரண்டையும் சுமந்து அவர்கள் பழம் பறித்தார்கள்.

அமெரிக்காவைப் பார்த்து நாம் தலையசைக்க வேண்டாம். நம் மஸ்ஜித் இந்தியாவை ஒட்டிய சிலாங்கூர் மேன்ஷனும் மலாயன் மேன்ஷனும் 2020 ஏப்ரல் 7-ஆம் தேதி முள்கம்பிக்குள் வைக்கப்பட்டன. அதே மாதம் 20-ஆம் தேதி கோலாலம்பூர் மொத்தச் சந்தையின் சுற்றுவட்டாரமும், சில நாட்களில் செலாயாங் பாருவும் அவ்வாறே அடைக்கப்பட்டன. அந்தச் சந்தையில் மூட்டை தூக்குபவர், காய் தரம் பிரிப்பவர் யார்? பெரும்பாலும் பர்மாவிலிருந்தும் ரோஹிங்யா மக்களிலிருந்தும் வந்தவர்கள். பத்திரமில்லாதவர்களும் அஞ்சாமல் பரிசோதனைக்கு வரலாமென்று மார்ச்சில் சொல்லப்பட்டது. மே 1-ஆம் தேதி மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் குடிநுழைவு இலாகா நூற்றுக்கணக்கானோரைப் பிடித்துச் சென்றது. அந்த மாதக் கடைசியிலேயே தடுப்பு முகாம்களில் நோய் கண்டது. சட்டத்தை நடத்துவது அரசின் உரிமை. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பயந்தவன் ஒளிவான், அவனோடு நோயும் ஒளியும். இது வைத்தியம் படிக்காதவருக்கும் தெரிந்த கணக்கு.

இந்த இடத்தில் ஹிஜ்ரி 18-ஆம் வருஷத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. சிரியாவில் கொள்ளை நோய் என்று கேள்விப்பட்ட உமர் (ரலி) அவர்கள் ஸர்க் என்னுமிடத்திலிருந்து படையோடு திரும்பியது நம் பயான்களில் அடிக்கடி சொல்லப்படும் செய்தி. அதே காலத்தில் ஹிஜாஸில் மழை பொய்த்துப் பெரும் பஞ்சம் நிலவியதையும், அதற்காக சிரியாவிலிருந்து அபூ உபைதா (ரலி) அவர்கள் தானியம் ஏற்றிய 4,000 ஒட்டகங்களோடு உதவியதாக வரலாற்றாசிரியர்கள் எழுதியிருப்பதையும் அவ்வளவாகச் சொல்வதில்லை. ஆள் போவதை நிறுத்தத் தெரிந்த காலம், தானியம் போவதை நடத்தவும் தெரிந்திருந்தது. அந்த அபூ உபைதா (ரலி) அவர்களே பின்னர் அந்நோயில் மறைந்தார்கள்.

கிள்ளான்காரர்களுக்கு இன்னொரு பழைய பாடமும் உண்டு. இன்று போர்ட் கிள்ளான் என்கிறோமே, அந்த சுவெட்டன்ஹாம் துறைமுகம் 1901 செப்டம்பரில் திறக்கப்பட்டது. சதுப்பு நிலம், கொசு, மலேரியா. துறைமுகக் கூலிகள் கூட்டமாகப் படுத்துவிட்டார்கள். திறந்த சூட்டிலேயே துறைமுகத்தை மூடும் நிலை வந்தது. அப்போது கிள்ளானில் மாவட்ட வைத்தியராயிருந்த மால்கம் வாட்சன் என்ற வெள்ளைக்கார டாக்டர், காட்டை வெட்டிச் சதுப்பை வடித்து வாய்க்கால் போடச் செய்தார். காய்ச்சல் தணிந்தது, கப்பல் வந்தது. பின்னர் அவர் தோட்டங்களிலும் தமிழ்க் கூலிகளின் லயங்களைச் சுற்றி அதே வேலையைச் செய்தார். மூட்டை தூக்குபவன் படுத்தால் முதலாளியும் படுத்தான் என்பதை வெள்ளைக்காரன் அன்றே கணக்குப் போட்டுக் கண்டுகொண்டான். கருணை எவ்வளவு, கணக்கு எவ்வளவு என்று நாம் ஆராய வேண்டியதில்லை.

2020-இல் அத்தியாவசியமென்று பெயர் பெற்றவருக்கு அந்தப் பெயரோடு வேறு என்ன வந்தது? வெளியே போகும் உரிமை வந்தது. உள்ளே திரும்பிப் படுக்க நல்ல இடம் வரவில்லை. தடுப்பூசி 2021 பிப்ரவரி 24-இல் தொடங்கியபோது முதல் வரிசை மருத்துவ ஊழியருக்கும் பாதுகாப்புப் படையினருக்கும் என்றானது, அது நியாயமே. தொழிற்சாலை ஊழியருக்குத் தனித் திட்டம் ஜூனில்தான் வந்தது. 2020 நவம்பரில் நம் கிள்ளான் மேருவில் கையுறைத் தொழிலாளரின் விடுதிகளில் நோய் பரவி, அவை அடைக்கப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். உலகத்துக்கே கையுறை செய்தவர்கள், ஓர் அறையில் பலராய் நெருக்கிப் படுத்திருந்தார்கள்.

இனி நம் சொந்த மாடிக்கு வருவோம். மளிகைக் கடை, சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் நம்மவர் பலர் பையன்களைக் கடைக்கு மேலேயே தங்க வைக்கிறோம். தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் விதிக்கும் 1990-ஆம் வருஷத்து 446-ஆம் சட்டம் முன்பு தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்குமே பொருந்தியது. அது திருத்தப்பட்டு 2020 ஜூன் 1 முதல் எல்லாத் தொழிலுக்கும் வந்துவிட்டது. ஊழியருக்கு இடம் தரும் முதலாளி, அவ்விடத்துக்குத் தொழிலாளர் இலாகாவின் சான்றிதழ் பெற வேண்டும். பெறாவிட்டால் 50,000 வெள்ளி வரை அபராதம். கூட்டு விடுதியானால் படுக்கும் இடம் ஆளுக்கு 3 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, மற்றபடி 3.6 சதுர மீட்டர். ஆளுக்கொரு கட்டில், நாலு அங்குல மெத்தை, தலையணை, பூட்டுள்ள அலமாரி. கழிவறை ஆறு பேருக்கு ஒன்று, கூட்டு விடுதியில் பதினைந்து பேருக்கு ஒன்று. ஒருவன் எழுந்த பாயில் இன்னொருவன் படுக்கும் பழைய வழக்கம் இதில் செல்லாது.

இதோடு, வெளிநாட்டு ஊழியருக்கு வேலையில் ஏற்படும் விபத்துக்காக 2019 ஜனவரி முதல் சொக்சோவில் பதிய வேண்டும் என்பதையும், 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து அவர்களுக்கும் சேமநிதி கட்டாயம், முதலாளி நூற்றுக்கு 2, ஊழியர் நூற்றுக்கு 2 என்பதையும் கணக்குப்பிள்ளையிடம் சொல்லி வைக்க வேண்டும். குடியிருப்புச் சான்றிதழுக்கு மனுச் செய்யுமுன் மாடியை ஒருமுறை அளந்து பாருங்கள். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போகும்போது அங்கே படுத்திருக்கும் பையனையும் கூட வைத்துக்கொள்வது நல்லது. எந்த ஜன்னல் திறக்காது, எந்தக் குழாயில் தண்ணீர் வராது என்பது நம்மைவிட அவனுக்கே தெரியும்.