பார்த்தெழுதிப் பயிலும் உருவ ஓவியம்

பிறரெழுதிய ஓவியத்தைப் பார்த்தெழுதுவோன் ஓவியனாவானோ என்னும் ஐயம் கலை பயில்வார் பலரை வருத்துவதொன்று. பார்த்தெழுதுதல் களவென்பார் ஒரு சாரார்; அதனையே கலையின் முடிவெனக் கொண்டு அமைவார் மற்றொரு சாரார். இரண்டும் பொருந்தா என்பதே எம் துணிபு.

ஹாலந்து நாட்டு ஓவியர் ரெம்பிராண்ட் 1639-ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரத்து ஏலமொன்றில், இத்தாலியப் பேரோவியர் ரபேல் எழுதிய காஸ்டிலியோனே என்னும் பெருமகனது உருவப்படத்தைக் கண்டார். கண்டவுடன் அதனை விரைந்து சிறு தாளொன்றில் வரைந்துகொண்டார். 1640-இல் அவர் எழுதிய தம்முருவப் படத்தில் அந்நிலையின் சாயல் உளது. முகமோ முற்றிலும் அவர் முகமே. ஐம்பதாண்டு கடந்து பெரும்புகழ் எய்திய பின்னரும், நம் நாட்டு மொகலாய ஓவியங்களைப் பார்த்து ஜஹாங்கீர், ஷாஜகான் முதலியோர் உருவங்களை வரைந்தார். அவற்றுள் 20-க்கு மேற்பட்டவை இன்றும் உள. ஆசிரியராயினார்க்கே இழுக்காகாத பயிற்சி மாணவர்க்கு இழுக்காமோ?

எம் பாவூர்சத்திரத்திற்கும் ஓவியம் அயலன்று. மேற்கே தென்காசியைக் கடந்து குற்றாலம் செல்வார், ஐஞ்சபைகளுள் ஒன்றாகிய சித்திரசபையின் சுவரோவியங்களைக் காண்பர். அப்பால் ஆரியங்காவுக் கணவாய் வழியே மலையாள நாடு செல்லலாம். அந்நாட்டுத் திருவனந்தபுரத்து அரண்மனைக்கு 1868-இல் தியோடோர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் வந்தார். அவர் தம் தொழிலைக் கற்பிக்க இசைந்திலர். எழுதுங்கால் அருகிருந்து பார்க்க மட்டும் இசைந்தார். இளைஞர் ரவிவர்மாவுக்கு அதுவே போதியதாயிற்று. கைக்கு முன் கண் கற்கவேண்டும் என்பதற்கு இது சான்று.

இனி, பயிலும் முறையைக் கூறுவாம். வண்ணப்படத்தை விடுத்துக் கோட்டுப்படம் ஒன்றைத் தேர்க. பென்சிலைத் தொடுமுன் கால் மணி நேரம் அதனை நோக்குக. முதலில் தலையின் முழுவடிவைக் குறித்து, முகத்தின் நடுக்கோட்டை இடுக. நேர்நோக்கிய முகத்தில் கண்கள் உச்சிக்கும் மோவாய்க்கும் நடுவில் அமையும். புதிதாகப் பயில்வார் அவற்றைப் பெரும்பாலும் மேலேற்றிவிடுவர். இருகண்களின் இடைவெளி ஏறத்தாழ ஒரு கண்ணின் அகலம். பின்னர்க் கண்களைச் சற்றே சுருக்கி நோக்கின் நுண்கோடுகள் மறைந்து நிழற்பரப்பு மட்டும் தோன்றும்; அதனை ஒரே வடிவாகத் தீட்டுக. இமையும் மயிரும் இறுதியில் வருக.

ஒவ்வொரு கோட்டையும் இடுங்கால், ‘ஆசிரியர் இதனை ஈண்டு ஏன் அழுத்தினார்? ஆண்டு ஏன் விடுத்தார்?’ என வினவுக. வினவாது எழுதுவோன் கோட்டைப் பெறுவான், கருத்தைப் பெறான். முடித்தபின் மூலத்தை மூடிவைத்து நினைவினின்றும் ஒருமுறை வரைந்து, இரண்டையும் ஒப்பிடுக. வேறுபட்ட இடமே அன்றைய பாடம். படத்தின் கீழ் மூல ஓவியர் பெயரைப் பொறிக்க மறவற்க. பெயரை மறைத்தவிடத்தேதான் களவு தோன்றுகின்றது.

இத்துணையும் படியேயன்றி வீடன்று. மறுநாளே அதே நிலையில், அதே ஒளியில் உயிருள்ள ஒருவரை இருத்தி வரைதல் வேண்டும். பாவூர்சத்திரத்துச் சந்தையில் காய்கறி மூட்டையருகே அமர்ந்திருக்கும் முதியவர் முகத்தை ரெம்பிராண்ட் எழுதினாரல்லர், ரவிவர்மாவும் எழுதினாரல்லர். வெயிலும் உழைப்பும் வரைந்த அம்முகத்தைப் பார்த்தெழுத மூலப்படம் யாண்டும் இல்லை. அதனை எழுதவேண்டியவர் நாமே.