கணினி வாய் திறக்கவில்லையா?

கன்னியாகுமரி மாவட்டத்தின் கருங்கலில் ஒரு வீடு. வளைகுடாவில் இருக்கும் மகனின் முகம் திரையில் தெரிகிறது. குரல் மட்டும் இல்லை. உடனே கணினியைக் கடைக்குத் தூக்க வேண்டாம். எண்களை ஒலியாகவும் ஒலியை எண்களாகவும் மாற்றும் சவுண்டு கார்டு பல நேரம் நன்றாகவே இருக்கும்.

1. பின்பக்கத் துளைகளின் நிறம் பாருங்கள். பச்சை ஸ்பீக்கருக்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு. மாற்றிச் செருகினால் சத்தம் வராது.

2. திரையின் கீழ் மூலையில் ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, ஒலி எங்கே போகிறது என்று பாருங்கள். ஹெச்டிஎம்ஐ கேபிள் மாட்டினால் அது மானிட்டருக்குப் போய்விடலாம்; பல மானிட்டர்களில் ஸ்பீக்கரே கிடையாது.

3. 'ங்ங்' என்று இரைகிறதா? லேப்டாப் சார்ஜரைக் கழற்றுங்கள். இரைச்சல் நின்றால் அது மின் இணைப்பு வழியே வருகிறது. ஸ்பீக்கரையும் சார்ஜரையும் ஒரே பிளக் பலகையில் மாட்டினால் பெரும்பாலும் அடங்கும்.

4. கரகரப்பா? இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. ஈரத்தில் ஜாக்கின் முனை மங்கிவிடும். இணைப்பைக் கழற்றி, உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். தேங்காய் எண்ணெய் தொடவே கூடாது, தூசி ஒட்டிக்கொள்ளும்.

5. எதற்கும் மசியவில்லையா? விரல் நீள யுஎஸ்பி சவுண்டு கார்டு ஒன்றைச் செருகுங்கள். ஒலியை மாற்றும் சில்லு அதற்குள்ளேயே இருப்பதால், பழுதான பழைய கார்டின் உதவி தேவைப்படாது.