மின்கலம் ஓய்ந்தால் காரின் பிரேக் விடுபடாதது ஏன்?

செபராங் பிறை வட்டாரத்துக்கும் தமிழ்த் தொழிலாளர்களுக்கும் உள்ள தொடர்பு நெடுங்காலத்தது. 19-ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த கரும்புத் தோட்டங்களில் உழைத்தவர்களின் வழியினரும், பின்னர் ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியவர்களின் பிள்ளைகளும் இன்று புக்கிட் தெங்கா, பிறை, ஜூரு ஆகிய இடங்களில் உள்ள தொழிற்சாலைகளில் இரவு பகலாக முறை வைத்து வேலை செய்கின்றனர். தோட்டத்து வரிசை வீட்டிலிருந்தோ அடுக்குமாடி வீட்டிலிருந்தோ வேலைக்குச் செல்லும் இவர்களுள் பலருக்குக் கார் இன்றியமையாத பொருளாகிவிட்டது.

அந்தக் கார்களில் அண்மைக் காலத்தில் ஒரு மாற்றம் ஏற்பட்டுள்ளது. இருக்கைகளுக்கு நடுவே இருந்த கைப்பிரேக் நெம்பு மறைந்து, அதன் இடத்தில் விரல் அளவே உள்ள ஒரு விசை வந்துள்ளது. இதனை மின்னணு நிறுத்து பிரேக் என்கிறோம். 2001-ஆம் ஆண்டில் வெளிவந்த பி.எம்.டபிள்யூ 7 வரிசை போன்ற விலை உயர்ந்த கார்களில் தோன்றிய இவ்வமைப்பு, இன்று நம் நாட்டுக் கார்களிலும் இடம்பெற்றுவிட்டது. 1985-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவில் இருந்தது கையால் இழுக்கும் நெம்பு. 2018-ஆம் ஆண்டில் வந்த புரோட்டோன் எக்ஸ்70, 2020-இல் வந்த எக்ஸ்50 ஆகியவற்றிலும், 2022-இல் வந்த பெரோடுவா அல்சாவின் சில ரகங்களிலும் இருப்பது மின்விசை.

இவ்விசை வசதியானது. எனினும், காரின் மின்கலம், அதாவது பேட்டரி, ஓய்ந்துபோகும்போது விசையை எவ்வளவு அழுத்தினாலும் பிரேக் விடுபடுவதில்லை. கார் நட்ட கல்லைப் போல நின்றுவிடும். அவ்வேளையில் செய்யத் தக்கது எது, தகாதது எது என்பதை அறியாமையால் பொருட்சேதம் மட்டுமன்றி உயிர்ச்சேதமும் நேரக்கூடும். ஆகவே, இவ்விஷயத்தை முறையாகத் தெரிந்துகொள்வது நலம்.

பிரேக் எவ்வாறு இயங்குகிறது?

பழைய கைப்பிரேக்கில், நாம் நெம்பை இழுத்தால் ஓர் உருக்குக் கம்பி பின் சக்கரங்களின் பிரேக்கை இறுக்கும்; நெம்பை இறக்கினால் கம்பி தளரும். இதற்கு மின்சாரம் தேவையில்லை.

மின்னணு பிரேக்கில் கையின் வேலையை ஒரு சிறு மின்மோட்டார் செய்கிறது. சில கார்களில் ஒரே மோட்டார் கம்பியை இழுக்கும். பெரும்பாலான கார்களில் பின் சக்கரம் ஒவ்வொன்றிலும் தனித்தனி மோட்டார் பொருத்தப்பட்டிருக்கும். விசையை இயக்கியதும் மோட்டார் சுழன்று, பற்சக்கரங்களின் வாயிலாக ஒரு திருகைத் திருப்புகிறது. அத்திருகு முன்னேறி, பிரேக் பட்டைகளைச் சக்கரத் தட்டின்மேல் அழுத்திப் பிடிக்கிறது.

பெண்கள் அணியும் தோட்டின் திருகாணியை நினைத்துப் பாருங்கள். அதனைப் பிடித்து இழுத்தால் வராது, திருப்பினால்தான் கழலும். பிரேக்கின் திருகும் அத்தகையதே. ஒருமுறை இறுகிய பின்னர் அது மின்சாரத்தின் உதவியின்றியே பிடித்துக்கொண்டிருக்கும். அதனைத் தளர்த்த மோட்டார் எதிர்ப்புறமாகச் சுழல வேண்டும். மோட்டார் சுழல மின்சாரம் வேண்டும்.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்றே. மின்கலம் ஓய்ந்த காரில் பிரேக் விடுபடாமல் இருப்பது பெரும்பாலும் பிரேக்கின் பழுது அன்று. மேட்டில் நிறுத்திய கார், மின்சாரம் போனதும் தானே உருண்டுவிடக் கூடாது என்பதற்காகவே அது அவ்வாறு அமைக்கப்பட்டுள்ளது. ஆகவே, பிரேக்கை வலுக்கட்டாயமாக விடுவிக்க முயலாமல், மின்சாரத்தை மீண்டும் கொடுப்பதே முதற்பணி.

முட்டுக்கட்டையே முதல் வேலை

கோயில் தேரை இழுக்கும்போது, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவோர் உடன் செல்வதை நாம் அறிவோம். காருக்கும் அதே விதி பொருந்தும். எதையும் தொடுவதற்கு முன்னர், மரக்கட்டை அல்லது செங்கல் போன்ற கனமான பொருளைச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் இறுக்கமாக வைத்தல் வேண்டும். இடம் சரிவாக இருந்தால், சரிவின் கீழ்ப்புறத்தில் கட்டாயம் வைத்தல் வேண்டும்.

காரணம் இதுதான். மின்சாரம் திரும்ப வந்து பிரேக் விடுபடும் கணத்தில், கியர் நடுநிலையில் இருந்தால் கார் உருளத் தொடங்கும். காரின் முன்னே குனிந்து கம்பிகளைக் கழற்றிக்கொண்டிருப்பவருக்கு விலக நேரம் இராது. இரண்டு மரக்கட்டைகள் ஓர் உயிரைக் காக்கும்.

கார் சாலையோரத்தில் நின்றுவிட்டால், எச்சரிக்கை முக்கோணத்தைப் பின்புறத்தில் போதிய தொலைவில் வைக்க வேண்டும். மின்கலம் ஓய்ந்தபோது அபாய விளக்குகளும் எரியாமற் போகலாம். நெடுஞ்சாலையாயின், பயணிகள் அனைவரும் இரும்புத் தடுப்புக்கு அப்பால் நிற்பதே பாதுகாப்பு.

மின்சாரம் கொடுக்கும் முறை

கதவு மின்சாரத்தால் திறக்கவில்லையெனில் கலங்க வேண்டா. மின்னணுச் சாவியின் உள்ளே சாதாரண உலோகச் சாவி ஒன்று செருகப்பட்டிருக்கும். அதனைக் கொண்டு ஓட்டுநர் கதவைத் திறக்கலாம். பின்னர், விளக்கு, வானொலி, குளிரூட்டி ஆகியவற்றின் விசைகளை நிறுத்தி, கியரைப் 'பி' நிலையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உதவிக்கு வரும் காரும் 12 வோல்ட் மின்கலம் உடையதாக இருத்தல் அவசியம். பெரிய லாரிகளில் 24 வோல்ட் மின்சாரம் இருப்பதால் அவற்றிலிருந்து இணைப்புக் கொடுத்தால் காரின் மின்னணுக் கருவிகள் கெட்டுப்போகும். இரண்டு கார்களும் ஒன்றையொன்று தொடாமல் நிற்க வேண்டும். இணைப்புக் கம்பிகளைப் பூட்டும் வரிசை வருமாறு:

1. சிவப்புக் கம்பியின் ஒரு முனையை ஓய்ந்த மின்கலத்தின் நேர்முனையில், அதாவது கூட்டல் குறி உள்ள முனையில், பூட்டுக.

2. அதன் மறுமுனையை நல்ல மின்கலத்தின் நேர்முனையில் பூட்டுக.

3. கறுப்புக் கம்பியின் ஒரு முனையை நல்ல மின்கலத்தின் எதிர்முனையில் பூட்டுக.

4. கறுப்புக் கம்பியின் மறுமுனையை, ஓய்ந்த காரின் இயந்திரத்தில் மின்கலத்துக்குச் சற்று எட்டியுள்ள, வண்ணம் பூசாத உலோகப் பகுதியில் பூட்டுக.

நான்காம் இணைப்பை ஓய்ந்த மின்கலத்தின்மீது பூட்டக் கூடாது. மின்கலத்திலிருந்து எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிவரக்கூடும். கடைசி இணைப்பில் தெறிக்கும் பொறி அவ்வாயுவைப் பற்றவைத்தால் மின்கலம் வெடித்து, அமிலம் முகத்தில் தெறிக்கும். அருகில் புகைபிடித்தலும் ஆகாது.

இணைப்பு முடிந்ததும் உதவிக் காரை முடுக்கி, சுமார் ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பின்னர் ஓய்ந்த காரை முடுக்கலாம். அது ஓடத் தொடங்கியதும், பூட்டிய வரிசைக்கு நேர்மாறான வரிசையில் கம்பிகளைக் கழற்ற வேண்டும்.

மின்சாரத்தாலும் பெட்ரோலாலும் இயங்கும் கலப்பினக் கார்களிலும், முழு மின்சாரக் கார்களிலும்கூட 12 வோல்ட் சிறு மின்கலம் ஒன்று உண்டு. நிறுத்து பிரேக்குக்கு மின்சாரம் பெரும்பாலும் அதிலிருந்தே செல்கிறது. அதற்கு மின்சாரம் கொடுக்கும் இடத்தைக் காரின் கையேட்டில் கண்டு செய்க. அவ்வகைக் கார்களில் உள்ள ஆரஞ்சு நிறக் கம்பிகளில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் உண்டு; அவற்றைத் தொடலாகாது.

பிரேக்கை விடுவித்தல்

கார் ஓடத் தொடங்கிய பின்னர், கதவை மூடி, இருக்கைப் பட்டையை அணிந்து, கால் பிரேக்கை நன்றாக மிதித்துக்கொண்டு விசையை இயக்குக. பெரும்பாலான கார்களில் விசையை மேலே இழுத்தால் பிரேக் இறுகும். கீழே அழுத்தினால் விடுபடும். பின் சக்கரங்களின் பக்கம் மோட்டார் சுழலும் மெல்லிய ஒலி கேட்கும். முன்பலகையில் உள்ள சிவப்பு விளக்கு அணையும். பிரேக் விடுபட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

விளக்கு அணையாமல் மின்னிக்கொண்டிருந்தால், மின்னழுத்தம் குறைந்த வேளையில் காரின் கணினி ஒரு குறையைப் பதிவு செய்திருக்கலாம். இயந்திரத்தைச் சிறிது நேரம் ஓடவிட்டு, கால் பிரேக்கை மிதித்தபடி நிறுத்து பிரேக்கை ஓரிரு முறை இறுக்கித் தளர்த்திப் பார்க்கலாம். சில கார்களில் மின்கலம் மாற்றிய பின்னர் பிரேக்கைச் சீர்செய்யும் முறை கையேட்டில் தரப்பட்டிருக்கும், அதன்படி செய்க. அதன் பின்னும் விளக்கு மின்னினால், கணினிச் சோதனைக் கருவி உள்ள பட்டறைக்கே பணியை விட்டுவிடுதல் வேண்டும்.

விளக்கு அணைந்தும் சக்கரம் ஒன்று சுழல மறுத்தால், அது துருவின் வேலையாக இருக்கலாம். மழையில் நனைந்த கார் பல நாள் நின்றால் பிரேக் பட்டை தட்டோடு ஒட்டிக்கொள்ளும். காரை மெதுவாக முன்னும் பின்னும் சிறிதளவு அசைத்தால் பெரும்பாலும் விடுபடும். அதற்கும் அசையாவிடில் முடுக்கியை ஓங்கி மிதிக்கக் கூடாது.

செய்யத் தகாதவை

பிரேக் இறுகிய காரைக் கயிறு கட்டி இழுத்தல் கூடாது. பின் சக்கரங்கள் சுழலாமல் தேய்ந்து டயர் கிழிவதோடு பிரேக்கும் கெடும். பிரேக் விடுபடாத காரை, நான்கு சக்கரங்களையும் மேலே ஏற்றிச் செல்லும் தட்டு லாரியில் கொண்டுசெல்வதே முறை.

சுத்தியலால் பிரேக்கைத் தட்டுதலும், மோட்டாருக்கு நேரடியாகக் கம்பி கொடுத்தலும் கூடாது. கம்பியை மாற்றிக் கொடுத்தால், தளர வேண்டிய பிரேக் மேலும் இறுகும். தேர்ந்த மெக்கானிக் மோட்டாரைக் கழற்றித் திருகைக் கையால் திருப்புவது உண்டு. அது பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலை. பிரேக்கின் பக்கம் ஒருவர் கை வைத்திருக்கும்போது மற்றொருவர் விசையைத் தொடவே கூடாது. ஒரு காரையே பிடித்து நிறுத்தும் விசைக்கு விரல் எம்மாத்திரம்?

அடுக்குமாடி வாசிகளின் கவனத்திற்கு

நம் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒரு வழக்கம் உண்டு. இடம் இல்லாதபோது, மற்றொரு காரின் குறுக்கே தம் காரை நிறுத்தி, கைப்பிரேக்கைத் தளர்த்தி, கியரை நடுநிலையில் விட்டுச் செல்வர். தேவைப்பட்டவர் அதனைத் தள்ளி வழி உண்டாக்கிக்கொள்வார். மின்னணு பிரேக் உள்ள கார்களுள் பல, இயந்திரத்தை நிறுத்தியதும் தாமாகவே பிரேக்கை இறுக்கிக்கொள்ளும். அவற்றை நால்வர் சேர்ந்து தள்ளினாலும் அசையா. மின்கலமும் ஓய்ந்துவிட்டால், சாவியோடு உரிமையாளரே வந்து நின்றாலும் பயன் இல்லை.

நள்ளிரவில் ஒரு வீட்டில் தீப்பிடித்து, தீயணைப்பு வண்டி நுழைய வேண்டிய வழியில் அத்தகைய கார் ஒன்று நின்றால் என்னவாகும்? பிரசவ வலி கண்ட தாயை ஏற்றச் செல்லும் ஆம்புலன்சுக்கு அது தடையாக நின்றால் என்னவாகும்? மின்னணு பிரேக் உள்ள காரைக் குறுக்கே நிறுத்தும் வழக்கத்தை அறவே விட்டுவிடுதல் வேண்டும்.

வருமுன் காத்தல்

நம் நாட்டின் வெப்பத்தில் கார் மின்கலம் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளே நன்றாக உழைக்கும். நல்ல நிலையில், இயந்திரம் ஓடாதபோது, அதன் மின்னழுத்தம் ஏறக்குறைய 12.6 வோல்ட் இருக்கும். 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அது ஏறத்தாழ ஓய்ந்ததாகவே கொள்ளலாம். காலையில் கார் தயங்கித் தயங்கி முடுங்குவது முன்னெச்சரிக்கை. கதவைச் சரியாக மூடாமை, உள்விளக்கை அணைக்காமை, பயணப் பதிவுக் கேமரா இடையறாது இயங்குதல், பல நாள் ஓட்டாமல் நிறுத்திவைத்தல் ஆகியவை மின்கலத்தை வற்றச் செய்யும். வாரம் ஒருமுறையேனும் காரைச் சிறிது தூரம் ஓட்டிவருதல் நன்று.

புதிய மின்கலம் பொருத்துமுன், சமதரையில் காரை நிறுத்தி, முட்டுக்கட்டை வைத்து, கியரைப் 'பி' நிலையில் விடுதல் வேண்டும். பிரேக் மோட்டார் சுழன்றுகொண்டிருக்கும்போது மின்கலக் கம்பியைக் கழற்றலாகாது. மரக்கட்டை இரண்டு, இணைப்புக் கம்பிகள், எச்சரிக்கை முக்கோணம், கைவிளக்கு ஆகியவற்றைக் காரில் வைத்திருப்பது செலவு குறைந்த காப்பாகும்.

வீட்டில் கேட்டுப் பார்க்க வேண்டிய வினாக்கள்

1. மின்சாரம் இல்லாதபோதும் பிரேக் இறுகியே இருப்பது ஏன்?

2. நம் காரின் உலோகச் சாவி எங்கே உள்ளது? அது எந்தக் கதவைத் திறக்கும்?

3. கறுப்புக் கம்பியின் கடைசி முனையை எங்கே பூட்ட வேண்டும்? ஏன்?

4. நம் காரின் மின்கலம் எந்த ஆண்டு, எந்தத் திங்களில் மாற்றப்பட்டது?

இவற்றுக்கு வீட்டில் கார் ஓட்டுவோர் அனைவரும் விடை கூறக்கூடுமாயின், விடியற்காலை வேலைக்குப் புறப்படும் நேரத்தில் கார் அசைய மறுத்தாலும் அவர்கள் பதற்றமின்றிச் செயலாற்றுவர்.