வரைபடத்தில் இல்லாத மின்தேக்கி

விண்கலத்தின் சூரியத் தகடுகள் தரும் மின்சாரம் அப்படியே கருவிகளுக்குப் போவதில்லை. அனைத்துலக விண்வெளி நிலையத்தில் சுமார் 160 வோல்ட்டாக வருவதை, ஏறத்தாழ 124 வோல்ட்டாக மாற்றியே பயன்படுத்துகிறார்கள். இத்தகைய கன்வெர்ட்டருக்குள் ஒரு சுவிட்ச் நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடுகிறது. அப்போது எழும் மின் இரைச்சல் அருகிலுள்ள வானொலி ஏற்பியையும் உணரிகளையும் குழப்பக்கூடும். இதுவே மின்காந்த இடையூறு.

இதைக் கணினியில் மாதிரியாக்குவதே என் இறுதியாண்டுத் திட்டம். இதில் நான் கற்ற முதல் பாடம், இடையூறு செல்லும் வழி சுற்று வரைபடத்தில் இருக்காது என்பதுதான். சுவிட்சுக்கும் அதன் வெப்பத்தை வாங்கும் உலோகச் சட்டத்துக்கும் நடுவே மெல்லிய காப்புத் தாள் உண்டு. இரண்டு உலோகம், நடுவே காப்பு: யாரும் பொருத்தாமலே ஒரு மின்தேக்கி!

கணக்கைப் பாருங்கள். அதன் மதிப்பு 50 பிக்கோஃபாரட். சுவிட்சின் மின்னழுத்தம் 50 நானோ விநாடியில் 100 வோல்ட் மாறுகிறது. மின்தேக்குதிறனை மின்னழுத்தம் மாறும் வேகத்தால் பெருக்கினால் 0.1 ஆம்பியர். அந்தக் கணத்தில் அவ்வளவு மின்னோட்டம் சட்டத்தில் கசிகிறது. மாற்றத்தை 100 நானோ விநாடிக்கு நீட்டினால் கசிவு பாதியாகும்; ஆனால், சுவிட்ச் கூடுதலாகச் சூடேறும். வடிகட்டி சேர்த்தால் எடை கூடும்.

பெரும்பாலான செயற்கைக்கோள்களை ஏவிய பின் கழற்றிப் பார்க்க வழியில்லை. ஆகவே, நண்பர்களே, கண்ணுக்குத் தெரியாத அந்த மின்தேக்கியைத் தரையிலேயே கணக்கில் சேர்த்தாக வேண்டும்.