வான்பிரிவு மாணவரும் விமானிக்கான இடமும்

கல்லூரியில் பயிலும்போதே தேசிய மாணவர் படையின் வான்பிரிவில் சேர்ந்து 'சி' சான்றிதழ் பெற்றவர், எழுத்துத் தேர்வு எதுவும் இன்றி, இந்திய விமானப்படையின் பறத்தல் பிரிவுக்கான தேர்வு வாரியத்தின் முன் நேராகச் சென்று நிற்க முடியும். என்.சி.சி. சிறப்பு நுழைவு எனப்படும் இவ்வழிக்கு, மத்தியத் தேர்வாணையம் நடத்தும் சி.டி.எஸ். தேர்விலும், விமானப்படையே நடத்தும் ஏ.எஃப்.கேட். தேர்விலும் பறத்தல் பிரிவு இடங்களில் பத்தில் ஒரு பங்கு ஒதுக்கப்படுகிறது. எழுத்துத் தேர்வு இல்லை என்பதால் இது எளிய வழி என்று எண்ணுவது பிழை; சி.டி.எஸ். அறிவிப்புகளில் விமானப்படை அகாதெமிக்கு வழக்கமாகக் காட்டப்படும் 32 இடங்களுள் இச்சான்றிதழ் பெற்றவர்களுக்கு உரியவை 3 மட்டுமே. அந்த மூன்றுக்கும் நாடு முழுவதிலுமிருந்து போட்டி உண்டு.

சேலம் மாவட்டத்து ஆட்டையாம்பட்டி போன்ற ஓர் ஊரில், முறுக்குத் தொழிலையோ விசைத்தறியையோ நம்பி வாழும் குடும்பத்தின் பிள்ளைக்கு இந்தப் போட்டியின் முதற்கட்டம் பதினோராம் வகுப்பில் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே முடிந்துவிடுகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம், இயற்பியல் ஆகிய இரண்டிலும் தனித்தனியே 50 விழுக்காடும், பட்டப்படிப்பில் 60 விழுக்காடும் கட்டாயம் என்பதால், வணிகவியல் பிரிவினரும், கணிதம் இல்லாத அறிவியல் பிரிவினரும் பின்னர் எத்தனை முகாம்களில் பதக்கம் வாங்கினாலும் விமானி இடத்துக்கு விண்ணப்பிக்க இயலாது. அடுத்த முடிவு கல்லூரியைப் பற்றியது. தரைப்படைப் பிரிவு பல கல்லூரிகளில் இருக்க, வான்பிரிவு மிகச் சிலவற்றிலேயே இருக்கிறது; தரைப்படைப் பிரிவில் பெற்ற 'சி' சான்றிதழ் இந்த நுழைவுக்குச் செல்லாது. விடுதியையும் பேருந்து வசதியையும் விசாரிக்கும் பெற்றோர், அக்கல்லூரியில் வான்பிரிவு உண்டா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுவது நல்லது.

'சி' சான்றிதழ் மூன்றாம் ஆண்டில்தான் கைக்கு வரும். அதற்குமுன் 'பி' சான்றிதழும், பரேடு வருகையும், முகாம்களும் நிறைவுபெற வேண்டும். ஆகவே நான்காண்டுப் பொறியியல் மாணவர் இறுதியாண்டிலேயே விண்ணப்பிக்கும் வசதி பெறுகிறார். மூன்றாண்டுப் பட்டம் பயில்பவரோ பட்டமும் சான்றிதழும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்து சேர்வதால் அடுத்த அறிவிப்பு வரை காத்திருக்க நேரிடலாம். பறத்தல் பிரிவுக்கான வயது 20 முதல் 24 வரை என்பதை நினைவிற்கொண்டால், இந்தக் காத்திருப்பு சிறிய செய்தி அன்று.

மருத்துவத் தகுதியை இறுதிக்கட்டம் என்று ஒதுக்கிவைப்பது, பல ஆண்டு உழைப்பை ஒரே நாளில் இழக்கச் செய்யும் பழக்கம். விமானி இருக்கையில் உடல் பொருந்த வேண்டும் என்பதற்காகக் குறைந்தபட்ச உயரம் 162.5 செ.மீ. என்பதோடு, கால் நீளம் 99 முதல் 120 செ.மீ. வரையிலும், தொடை நீளம் 64 செ.மீ.க்கு மிகாமலும், அமர்ந்த நிலை உயரம் 81.5 முதல் 96 செ.மீ. வரையிலும் இருக்க வேண்டும் என்று அளவுகள் வகுக்கப்பட்டுள்ளன. இவற்றையும், பார்வைத் திறன், நிறக்குருடு ஆகியவற்றையும் சேலம் அரசு மருத்துவமனை போன்ற ஓர் இடத்தில் முதலாண்டிலேயே சோதித்துக்கொள்ளலாம். (தையற்கடை அளவுநாடாவில் எடுத்த கால் நீளத்தை நம்பி மகிழ்வதோ வருந்துவதோ வேண்டாம்.)

தேர்வு வாரியம் என்பது ஏ.எஃப்.எஸ்.பி. எனப்படும் விமானப்படைத் தேர்வு மையம். சேலத்துக்கு அருகில் இருப்பது மைசூரு. முதல் நாளில் அறிவுத்திறன் சோதனையும், மங்கலான ஒரு படத்தைச் சிறிது நேரம் பார்த்துக் கதை எழுதிப் பின் குழுவாக விவாதிக்கும் சோதனையும் நடக்கின்றன. அதில் தேறாதவர்கள் அன்றே ஊர் திரும்புகிறார்கள். எஞ்சியவர்களுக்கு உளவியல் சோதனை, திறந்தவெளிக் குழுப்பணிகள், நேர்காணல் என அடுத்த நாட்கள் செல்கின்றன. உளவியல் சோதனையில் ஒவ்வொன்றும் பதினைந்து நொடி தோன்றும் 60 சொற்களுக்கு வாக்கியங்களும், முப்பது நிமிடத்தில் 60 சூழல்களுக்கு எதிர்வினைகளும் எழுத வேண்டியிருக்கிறது. மனப்பாடத்தையும் மாதிரி வினாத்தாளையும் கொண்டு பொதுத்தேர்வில் பெரும் மதிப்பெண் குவித்த நாமக்கல் பகுதி விடுதிப் பள்ளிகளின் பயிற்சிமுறை இங்கே உதவாது என்பதோடு, எதிராகவும் திரும்புகிறது. விடைகளைப் பாடமாக்கிச் சென்றவரின் எழுத்து ஒரு மனிதரையும், திடலில் அவர் நடந்துகொள்ளும் விதம் வேறொரு மனிதரையும், நேர்காணலில் பேசும் பேச்சு மூன்றாமவரையும் காட்டுகிறது. மதிப்பீட்டாளர் மூவரும் தனித்தனியே கண்டதை இறுதி நாள் கூட்டத்தில் ஒப்பிடும்போது அந்த வேறுபாடு மறைவதில்லை. முகாமில் சமையற்கூடப் பொறுப்பை ஏற்றது, தறி நின்றபோது தந்தைக்குத் துணைநின்றது போன்ற உண்மைச் செயல்களை எளிய ஆங்கிலத்தில் தடையின்றிச் சொல்லப் பழகியிருப்பவரே இங்கு வலுவான நிலையில் இருக்கிறார். தமிழ்வழியில் பயின்றவருக்கு இலக்கணப் பிழையைவிடக் குழு விவாதத்தில் வாய்மூடி இருப்பதே பெரிய இழப்பு. நாள்தோறும் வகுப்புத் தோழர்களோடு அரைமணி நேரம் ஆங்கிலத்தில் விவாதிப்பதைத் தவிர இதற்குக் குறுக்குவழி காணப்படவில்லை.

விமானி இடத்துக்கு மட்டும் உரியது சி.பி.எஸ்.எஸ். எனப்படும் கணினிவழி விமானித் தேர்வு. முன்னர் நடைமுறையில் இருந்த பி.ஏ.பி.டி. சோதனையின் இடத்தில் இது வந்தது. கருவி முகப்புகளைப் படித்து விமானத்தின் நிலையை உணர்வதும், கைப்பிடியாலும் கால்மிதியாலும் திரையில் நகரும் குறியைக் கட்டுப்படுத்துவதும் இதில் அளக்கப்படுகின்றன. வாழ்நாளில் ஒரே முறைதான் இதை எழுத முடியும். பன்னிரண்டாம் வகுப்பிலேயே என்.டி.ஏ. எனப்படும் தேசியப் பாதுகாப்பு அகாதெமித் தேர்வு வழியாக வந்து இதில் தவறியவருக்குக் கல்லூரிக் காலத்திலும் விமானிக் கதவு மூடியே இருக்கும். அமெரிக்காவில் கல்லூரி அதிகாரிப் பயிற்சி மாணவர்களுக்கு இதையொத்த சோதனையை மீண்டும் எழுத இடமுண்டு. தனிப்பட்ட முறையில் பறந்த மணிநேரங்களும் அங்கே மதிப்பெண்ணாகச் சேர்கின்றன. பணமுள்ளவர் பறக்கும் மணிநேரத்தை விலைக்கு வாங்க முடியும் என்ற அளவில், ஒற்றை வாய்ப்பே தரும் இந்திய முறை கடுமையானதாயினும் சிற்றூர் மாணவருக்கு நியாயமானது என்றே கருத வேண்டியிருக்கிறது. இச்சோதனைக்குப் பயிற்சி மையங்களில் பணம் செலுத்துவதைவிட, வான்பிரிவுப் பாடத்திட்டத்தில் உள்ள பறத்தல் கோட்பாடுகளையும் கருவிகளையும் ஊன்றிப் படிப்பதும், வாய்ப்புக் கிடைத்தால் மைக்ரோலைட் எனப்படும் சிற்றெடை விமானத்தில் பறந்து பார்ப்பதும், முந்தைய இரவு நன்கு உறங்குவதும் பயன் தரும்.

ஆவணங்களில் தமிழகத்துக்கே உரிய ஓர் இடர் உண்டு. பள்ளிச் சான்றிதழில் தலைப்பெழுத்தோடும், ஆதாரில் தந்தை பெயர் விரிந்தும், என்.சி.சி. பதிவில் வேறொரு வரிசையிலும் பெயர் இருந்தால், அதைச் சீர்செய்வதற்கு அழைப்புக் கடிதம் வந்தபின் நேரம் இருப்பதில்லை. மாணவர் படையில் சேரும் முதல் மாதமே ஒரே வடிவத்தில் பதிந்துகொள்ள வேண்டும். ஒரு நுழைவு வகைக்கு முதன்முறை தேர்வு வாரியத்துக்கு வருபவருக்கு ரயில் கட்டணம் திருப்பித் தரப்படுவதால் பயணச்சீட்டையும் பத்திரப்படுத்த வேண்டும்.

வாரியம் பரிந்துரைத்து, பெங்களூரில் உள்ள விமானப்படை மருத்துவ நிறுவனத்திலோ புதுதில்லி மையத்திலோ உடற்தகுதியும் உறுதியானபின், அகில இந்தியத் தரவரிசைப் பட்டியல் வெளிவரும் வரை இடம் உறுதியில்லை. இடங்கள் நிரம்பிவிட்டால் பரிந்துரை பெற்றவரும் வெளியே நிற்பார். ஏ.எஃப்.கேட். அறிவிப்பு ஆண்டுக்கு இருமுறை வருவதால், சிறப்பு நுழைவுக்கு விண்ணப்பிக்கும் அதே பருவத்தில் எழுத்துத் தேர்வுக்கும் ஆயத்தமாவதும், சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாதெமிக்கு அழைத்துச்செல்லும் தரைப்படை வழிகளை விசாரித்து வைப்பதும், இறுதியாண்டுப் பாடங்களில் 60 விழுக்காட்டைக் கைவிடாமல் இருப்பதும் அந்தக் காத்திருப்புக் காலத்தின் வேலைகள்.