தனிமரம் தோப்பாகுமா?
(ஒரு நாவலும் அதைப் படித்தவர்களும்)

மூன்றாமாண்டு மாணவன், சிவில் பிரிவு



தனிமரம் தோப்பாகாது என்பது நம் ஊர்ப் பழமொழி. "நாலு பேர் போற வழியில போடா" என்பது வீட்டில் நமக்குத் தினமும் கிடைக்கும் அறிவுரை. இதற்கு நேர் எதிராக, "நாலு பேர் போகிறார்கள் என்பதற்காக மட்டும் ஒரு வழியில் போகாதே" என்று 700 பக்கத்துக்கு மேல் வாதாடுகிற ஆங்கில நாவல் ஒன்று இருக்கிறது. பெயர் 'தி ஃபவுண்டன்ஹெட்'. தமிழில் ஊற்றுக்கண் எனலாம். எழுதியவர் அயன் ராண்ட் என்ற பெண்மணி. 1943-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. கதாநாயகன் ஒரு ஆர்க்கிடெக்ட் என்பதால் நம் பிரிவுக்காரர்களுக்குக் கூடுதல் சொந்தம்.

இந்தப் புத்தகத்தைப் படித்தவர்கள் சும்மா இருப்பதில்லை. தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள், அல்லது தூக்கி எறிகிறார்கள். ஆகவே நாவலைப் பற்றிக் கொஞ்சமாகவும், அதைப் படித்தவர்களைப் பற்றி அதிகமாகவும் சொல்லப் போகிறேன்.

எழுதியவர் யார்?

அயன் ராண்ட் 1905-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். அப்பா மருந்துக்கடை வைத்திருந்தார். 1917 புரட்சிக்குப் பின் அந்தக் கடையை அரசு எடுத்துக்கொண்டது. "எல்லோருக்காகவும்" என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு ஏன் கோபம் வந்தது என்பதற்கு இது ஒரு காரணம். 1926-ல் அமெரிக்கா போனார். இந்த நாவலுக்காக 1937-ல் நியூயார்க்கில் ஈலி ஜாக் கான் என்ற ஆர்க்கிடெக்டின் ஆபீசில் சம்பளம் வாங்காமல் வேலை பார்த்தார். நம்ம பாஷையில் சொன்னால் இன்-பிளாண்ட் டிரெயினிங்!

கதைச் சுருக்கம்

ஹோவர்ட் ரோர்க், பீட்டர் கீட்டிங் இருவரும் ஒரே கல்லூரி. ரோர்க் பழைய பாணிகளைக் காப்பியடித்து வரைய மறுத்ததால் 1922-ல் கல்லூரியிலிருந்து வெளியேற்றப்படுகிறான். அவன் டீனிடம் வைக்கும் வாதம் நமக்கு நன்றாகப் புரியும். மரத்தில் கட்டியபோது தேவைப்பட்ட வடிவங்களை கிரேக்கர்கள் சலவைக்கல்லில் காப்பியடித்தார்கள். பின்னால் வந்தவர்கள் அதையே சாந்துப் பூச்சில் காப்பியடித்தார்கள். இப்போது நாம் ஸ்டீலிலும் கான்கிரீட்டிலும் அதையே ஏன் செய்ய வேண்டும்? பொருள் மாறினால் வடிவமும் மாற வேண்டாமா? இதுதான் அவன் கேள்வி.

கீட்டிங்கோ தங்க மெடல் மாணவன். எல்லோருக்கும் நல்ல பிள்ளை. மேலே மேலே போகிறான். கடைசியில் அரசின் கார்ட்லாண்ட் வீட்டு வசதித் திட்டத்தை வாங்கிவிட்டு, டிசைன் செய்யத் தெரியாமல் ரோர்க்கிடம் வருகிறான். ரோர்க் ரகசியமாக வரைந்து தருகிறான். காசு வேண்டாம், பெயரும் வேண்டாம். ஒரே நிபந்தனை: வரைந்தபடியே கட்ட வேண்டும். ஆனால் வேறு சிலர் புகுந்து பிளானை மாற்றிவிடுகிறார்கள். ரோர்க் அந்தக் கட்டடத்தை டைனமைட் வைத்துத் தகர்க்கிறான். வழக்கு நடக்கிறது. தன் பேச்சாலேயே விடுதலை ஆகிறான்.

நாவலுக்கு ராண்ட் முதலில் யோசித்த தலைப்பு 'செகண்ட் ஹேண்ட் வாழ்க்கைகள்' என்ற பொருள் தருவது. அடுத்தவன் கண்ணில் தெரிகிற தன் உருவத்துக்காகவே வாழ்கிறவன் செகண்ட் ஹேண்ட் மனிதன். இதுதான் மையக் கருத்து.

இனி படித்தவர்களிடம் வருவோம்.

1. பதிப்பாளர்களும் விமர்சகர்களும்

பன்னிரண்டு பதிப்பகங்கள் இந்தக் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பின. பாப்ஸ்-மெரில் என்ற நிறுவனத்தில் ஆர்ச்சிபால்ட் ஆக்டன் என்ற இளம் எடிட்டர், தன் வேலை போனாலும் பரவாயில்லை என்று மேலிடத்தில் அடம்பிடித்த பிறகே புத்தகம் அச்சேறியது. தனியாக நின்ற ஒருவனைப் பற்றிய நாவலுக்காகத் தனியாக நின்ற முதல் வாசகர் அவர்தான்!

நியூயார்க் டைம்ஸில் லோரின் புரூயெட் என்ற பெண் விமர்சகர் பாராட்டினார். 'தி நேஷன்' இதழில் டயானா டிரில்லிங் கிண்டலடித்தார். பெரிய விளம்பரம் இல்லை. ஒருவர் சொல்லி இன்னொருவர் படித்தே 1945-ல் அதிகம் விற்கும் நூல்களின் பட்டியலில் ஏறியது.

இந்தப் பிளவு பல ஆண்டுகளுக்குப் பிறகும் தொடர்ந்தது. 1998-ல் மாடர்ன் லைப்ரரி என்ற பதிப்பகம் இருபதாம் நூற்றாண்டின் சிறந்த 100 ஆங்கில நாவல்களைத் தேர்ந்தெடுத்தது. அறிஞர் குழு போட்ட பட்டியலில் ராண்டின் ஒரு நாவல்கூட இல்லை. வாசகர்கள் ஓட்டுப் போட்ட பட்டியலிலோ, முதலிடம் அவருடைய 'அட்லஸ் ஷ்ரக்ட்', இரண்டாமிடம் 'ஃபவுண்டன்ஹெட்'! தீவிர ரசிகர்கள் அணி திரண்டு ஓட்டுப் போட்டால் அப்படித்தான் வரும் என்று சொல்கிறவர்களும் உண்டு. அதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது பாருங்கள். கூட்டத்தை நம்பாத நாவல், கூட்டத்தின் ஓட்டில் ஜெயித்தது!

2. கட்டடக் கலைஞர்கள்

ரோர்க்கைப் படிக்கும் எல்லோருக்கும் ஃபிராங்க் லாயிட் ரைட் ஞாபகத்துக்கு வருவார். அமெரிக்காவின் புகழ்பெற்ற ஆர்க்கிடெக்ட். அவர் 1944-ல் ராண்டுக்குப் பாராட்டுக் கடிதம் எழுதினார். ஆனால் 1949-ல் கேரி கூப்பர் நடித்துப் படம் வந்தபோது, அதில் ரோர்க்கின் டிசைன் என்று காட்டிய கட்டடங்களைப் பார்த்துக் கட்டடக் கலைஞர்கள் பலர் முகம் சுளித்தார்கள்.

என்னைக் கேட்டால், நாவலுக்குச் சரியான பதில் ரைட்டின் கட்டடம் ஒன்றிலேயே இருக்கிறது. பென்சில்வேனியாவில் அருவியின் மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் 'ஃபாலிங்வாட்டர்' வீடு. 1930-களின் பிற்பகுதியில் கட்டியது. அதன் கேண்டிலீவருக்கு ரைட் காட்டியிருந்த கம்பி போதாது என்று வீட்டுக்காரர் அமர்த்திய என்ஜினீயர்களுக்குத் தோன்றியது. கம்பியை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிக் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். ரைட்டுக்கு வந்ததே கோபம்! தன் மேல் நம்பிக்கை இல்லையென்றால் வேலையை விட்டே விலகிவிடுவேன் என்கிற அளவுக்குப் போய்விட்டார்.

நடந்தது என்ன? அத்தனை கூடுதல் கம்பி போட்டும் கேண்டிலீவர் தொங்கியது. ஷட்டரிங்கைப் பிரித்தபோதே இறங்க ஆரம்பித்து, பிற்காலத்தில் அளந்தபோது சில இடங்களில் 7 அங்குலம் வரை இறங்கியிருந்தது. 2002-ல் போஸ்ட்-டென்ஷனிங் செய்து, அதாவது கேபிள்களை இழுத்துக் கட்டி, காப்பாற்றினார்கள். ரைட் சொன்னபடியே விட்டிருந்தால் நிலைமை என்ன ஆகியிருக்கும் என்று ஆர்.சி.சி. படித்த எவரும் யோசித்துப் பார்க்கலாம்.

இங்கே ரோர்க் யார்? பிளானை மாற்றாதே என்று கத்தியவரா, கணக்கு சரியில்லை என்று பெரிய மனிதரின் பேச்சையும் மீறிக் கம்பியைச் சேர்த்தவர்களா? சொந்தப் புத்தியை நம்பு என்று நாவல் சொல்கிறது. அந்த என்ஜினீயர்களும் அதைத்தானே செய்தார்கள்!

3. பெண்கள்

நாவலில் ரோர்க், டொமினிக் என்ற பெண்ணிடம் வன்முறையாக நடந்துகொள்ளும் கட்டம் ஒன்று வருகிறது. ஆசிரியை அதைக் காதலாகக் காட்டுகிறார். அமெரிக்கப் பெண்ணிய எழுத்தாளர் சூசன் பிரௌன்மில்லர் 1975-ல் எழுதிய நூலில் இதைக் கடுமையாகக் கண்டித்தார். என் வகுப்புத் தோழி ஒருத்தி நூறு வார்த்தை பேச வேண்டியதை இரண்டே வரியில் முடித்தாள்: "கட்டடத்துக்கு மட்டும் சம்மதம் கேட்கிறான், பொண்ணுகிட்ட கேட்கலையே. அதோட அந்த ஹீரோ எனக்குச் செத்துட்டான்." சரியான கேள்வி. தனி மனித உரிமை என்றால் எதிரில் நிற்கிறவரும் தனி மனிதர்தானே!

4. சீடர்கள்

1950-ல் 19 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் இந்த நாவலைப் படித்துவிட்டு ராண்டுக்குக் கடிதம் எழுதி, நேரில் பார்க்கும் வாய்ப்பும் பெற்றார். பிற்காலத்தில் நதானியல் பிராண்டன் என்று அறியப்பட்டவர். மெல்ல மெல்ல ராண்டைச் சுற்றி ஒரு வட்டம் உருவானது. அந்த வட்டத்துக்கு அவர்களே விளையாட்டாக வைத்துக்கொண்ட பெயர் 'கலெக்டிவ்', அதாவது கூட்டு! ஆனால் விளையாட்டு வினையானது. குருவுக்குப் பிடித்த இசையே எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்ற நிலை வந்தது. 1968-ல் பிராண்டனையே ராண்ட் வெளியேற்றினார். உணர்ச்சிகளை அடக்கி வைக்க இந்தத் தத்துவம் பலரைப் பழக்கிவிட்டது என்று பிராண்டன் பின்னாளில் எழுதினார்.

அதே வட்டத்தில் இருந்தவர் ஆலன் கிரீன்ஸ்பான். 1987 முதல் 2006 வரை அமெரிக்க மத்திய வங்கியின் தலைவர். வங்கிகள் தங்கள் சுயநலத்துக்காகவே ஒழுங்காக நடந்துகொள்ளும் என்று நம்பியவர். 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு, அந்த நம்பிக்கையில் ஒரு கோளாறு இருந்ததாக அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன்னால் ஒப்புக்கொண்டார்.

"சொந்தமாக யோசி" என்று சொன்ன புத்தகத்தைப் படித்துவிட்டு அந்தப் புத்தகத்தையே ஒப்பிப்பது என்ன சுயசிந்தனை?

5. நம்ம ஹாஸ்டல்

பழைய புத்தகக் கடையில் வாங்கிய பிரதி எங்கள் ஹாஸ்டலில் நாலு ரூம் சுற்றியது. அகராதியும் கூடவே சுற்றியது. மெக்கானிக்கல் நண்பன் ஒருவன் படித்து முடித்த ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. கேட்டால், "நான் ரோர்க் மாதிரிடா" என்றான். மெஸ் பில் கட்டும் நாள் வந்ததும் பேசினான்!

எலெக்ட்ரிகல் நண்பன் சொன்னதுதான் என்னை யோசிக்க வைத்தது. கடன் வாங்கிப் படிக்கிற பையன். "ரோர்க்குக்கு அம்மா இல்ல, அப்பா இல்ல, தங்கச்சி கல்யாணம் இல்ல. அதான் அவனால முடியுது. எனக்கு முதல் மாசச் சம்பளம் எங்க போகணும்னு இப்பவே எழுதி வச்சிருக்காங்கடா."

இதற்கு நாவலில் பதில் இல்லை. ஆனால் கீட்டிங்கின் பக்கங்களில் வேறொன்று இருக்கிறது. கீட்டிங்குக்கு உண்மையில் ஓவியன் ஆகத்தான் ஆசை. அம்மா சொன்னதற்காக ஆர்க்கிடெக்ட் ஆனான். எல்லாம் இழந்த பிறகு, ஒளித்து ஒளித்து வரைந்த படங்களை எடுத்து வந்து ரோர்க்கிடம் காட்டுகிறான். காலம் கடந்துவிட்டது என்ற பதில்தான் கிடைக்கிறது. நாவலைப் படிக்கிற நாம் எல்லோரும் நம்மை ரோர்க்காகவே நினைத்துக்கொள்கிறோம். "நான் கீட்டிங்" என்று சொன்ன ஒருவரையும் நான் இதுவரை பார்க்கவில்லை. கண்ணாடிக்கு அடியில் பல்பு எரியவிட்டு அடுத்தவன் டிராயிங்கை அச்சாக எடுக்கிற நம் ஹாஸ்டலிலும்தான்!

நமக்கு என்ன பாடம்?

நண்பர்களே, டிப்ளமோ முடித்துப் போகிற நம்மிடம் யாரும் உடனே கட்டடம் டிசைன் செய்யச் சொல்லப் போவதில்லை. அடுத்தவர் வரைந்த டிராயிங்கை சைட்டில் நிறைவேற்றுகிறவர்கள் நாம். ரோர்க்கை விட நமக்கு நெருக்கமானவன் நாவலில் வரும் மைக் என்ற எலெக்ட்ரீஷியன். பீமைச் சுற்றி பைப்பை வளைக்கப் போராடிக்கொண்டிருக்கும் அவனிடம், பீமில் ஓட்டை போட்டு நேராகக் கொண்டு போ என்கிறான் ரோர்க். ஏட்டுப் படிப்புக்காரன் பேச்சு என்று மைக் அலட்சியம் செய்ய, ரோர்க் தானே டார்ச்சை வாங்கி ஓட்டை போட்டுக் காட்டுகிறான். அன்றிலிருந்து இருவரும் நண்பர்கள். பட்டத்தைப் பார்த்து வந்த நட்பு அல்ல, வேலையைப் பார்த்து வந்தது.

அப்படியானால் நம் தனித்தன்மையை எங்கே காட்டுவது? டிரெயினிங் போன ஒரு சைட்டில், 28 நாள் கியூப் டெஸ்ட் ரிசல்ட்டை 20-ஆம் நாளே ரிஜிஸ்டரில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்தேன். எந்த சைட் என்று சொல்ல மாட்டேன். அங்கிருந்த சூப்பர்வைசரும் நம்மைப் போல டிப்ளமோ படித்தவர்தான். "எல்லா இடத்துலயும் இப்படித்தான் தம்பி" என்றார். நாலு பேர் போற வழி! நாளைக்கு அந்த நாற்காலியில் நாம் உட்காருவோம். பேனா நம் கையில் இருக்கும். டைனமைட் வேண்டாம், கோர்ட்டில் பேச்சும் வேண்டாம். மிஷின் காட்டிய எண்ணை மட்டும் எழுதுவேன் என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்பது தங்கச்சி கல்யாணம் பாக்கி இருக்கிறவனுக்குத் தெரியும். வேலை போகலாம், போகாமலும் இருக்கலாம். ஆனால் அந்த ஸ்லாபுக்குக் கீழே தூங்கப் போகிறவர்கள் நம் கையெழுத்தை நம்பித் தூங்குகிறார்கள். இந்தக் கடைசி விஷயத்தை ராண்ட் ஒத்துக்கொள்ள மாட்டார். பிறருக்காக என்றாலே அவருக்குப் பிடிக்காது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. தனியாக நிற்கலாம், நிற்கத்தான் வேண்டும். யாருக்காக நிற்கிறோம் என்பதில்தான் நானும் நாவலும் பிரிகிறோம்.

படிக்கப் போகிறவர்கள் யோசிக்க மூன்று கேள்விகள்:

1. கார்ட்லாண்டில் குடியிருக்கப் போகிற ஏழைகளை நாவலில் யாராவது கேட்டார்களா?

2. ஃபாலிங்வாட்டரின் என்ஜினீயர் நீங்களாக இருந்தால், ரைட்டிடம் சொல்லிவிட்டுக் கம்பி போடுவீர்களா, சொல்லாமலா?

3. உங்களுக்குள் இருக்கும் கீட்டிங் எந்தப் படத்தை ஒளித்து வைத்திருக்கிறான்?

பதிலை ரெக்கார்டு நோட்டு மாதிரி ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதிடாதீங்க!